வீடு எப்படி நிற்கிறது?
கட்டடக் கலைக்கு ஓர் அறிமுகம்

மாணவர்களே! பல்லாவரத்தையும் திரிசூலத்தையும் சுற்றியுள்ள குன்றுகளை மின்சார இரயிலில் போகும்போது நீங்கள் பார்த்திருக்கலாம். கருநீல நிறமுள்ள, மிகக் கடினமான கல் அது. அக்கல்லுக்குச் 'சார்னோகைட்' என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னோக் என்ற ஆங்கிலேயரின் கல்லறையில் பதித்திருந்த கல்லும் இந்தப் பகுதிக் கல்லும் ஒரே வகையைச் சேர்ந்தவை என்று கண்ட தாமஸ் ஹாலந்து என்னும் புவியியலறிஞர், 1893-இல் இப்பெயரைச் சூட்டினார். உலகப் புவியியல் நூல்களில் எல்லாம் இன்று இப்பெயரே வழங்குகிறது.

இந்தப் பல்லாவரம் மனிதனின் கைவேலை வரலாற்றிலும் இடம் பெற்ற ஊர். 1863 மே 30-ஆம் நாள் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்பவர் பழைய கற்கால மனிதன் செய்த கற்கருவி ஒன்றை இங்கேதான் கண்டெடுத்தார். பிற்காலத்தில், ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் இவ்வூர்க் குன்றைக் குடைந்து ஒரு கோயில் அமைத்தான். அக்குடைவரை இன்று தர்காவாக விளங்குகிறது. விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில் உள்ள இதே மன்னனின் கல்வெட்டு, செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் அக்கோயிலை அமைத்ததாகப் பெருமையுடன் கூறுகிறது.

இப்போது பல்லாவரத்தில் எந்தத் தெருவில் நடந்தாலும், மன்னன் வேண்டாமென்று ஒதுக்கிய அந்தப் பொருள்களைக் கொண்டுதான் வீடுகள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. செங்கல், கம்பி, சிமெண்டு, மணல், ஜல்லி ஆகியவை தெருவோரம் குவிந்து கிடக்கின்றன. இந்தக் குவியல் எப்படி ஒரு வீடாகிறது? அது ஏன் விழாமல் நிற்கிறது? சில வீடுகள் மட்டும் ஏன் கோடையில் அடுப்பாகக் கொதிக்கின்றன? நீங்கள் பள்ளியில் படிக்கும் இயற்பியலைக் கொண்டே இவற்றுக்கு விடை காணலாம்.

கட்டடத்திடம் கேட்கப்படும் கேள்விகள்

இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் உரோமாபுரியில் வாழ்ந்த விட்ரூவியஸ் என்ற கட்டடக் கலைஞர், நல்ல கட்டடத்துக்கு மூன்று குணங்கள் வேண்டும் என்றார். அவை உறுதி, பயன், அழகு. இன்றும் கட்டடக் கலை மாணவர்களுக்கு முதல் பாடம் இதுதான்.

இதையே நாம் வேறு விதமாகச் சொல்லலாம். எந்தக் கட்டடத்தையும் இயற்கை நான்கு கேள்விகள் கேட்கிறது. உன் எடையை எங்கே இறக்கி வைப்பாய்? வெயிலை எப்படித் தடுப்பாய்? காற்றை எப்படி உள்ளே அழைப்பாய்? மழை நீரையும் மண்ணையும் எப்படிச் சமாளிப்பாய்? சுவர், தூண், சன்னல், கூரை, கடைக்கால் என ஒவ்வோர் உறுப்பும் இவற்றில் ஏதேனும் ஒரு கேள்விக்குச் சொல்லப்பட்ட விடை. விடை சரியாக இருந்தால் வீடு நூறாண்டு நிற்கும். தவறினால் உயிர்கள் போகும். நம் பகுதியிலேயே அப்படி நடந்திருக்கிறது. அதைப் பின்னால் பார்ப்போம்.

எடை போகும் வழி

மூன்று மீட்டர் அகலமும் நான்கு மீட்டர் நீளமும் உள்ள ஒரு சாதாரண அறையை எடுத்துக்கொள்வோம். அதன் மேல்தளம் 12 சதுர மீட்டர். தளத்தின் கனம் 12 செண்டிமீட்டர் என்று வைப்போம். கம்பி போட்ட கான்கிரீட் ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 2,500 கிலோ எடையுள்ளது. ஆகவே ஒரு சதுர மீட்டர் தளத்தின் எடை 2,500 × 0.12 = 300 கிலோ. அதன் மேல் வெயிலுக்கும் மழைக்குமாகப் போடும் செங்கல் ஜல்லிப் பூச்சும் தட்டோடும் சேர்ந்து சுமார் 150 கிலோ. மொட்டை மாடியில் மனிதர் நடமாட்டத்துக்காக இன்னும் 150 கிலோவைப் பொறியாளர்கள் சேர்த்துக்கொள்வார்கள். ஆக, சதுர மீட்டருக்கு 600 கிலோ. அறை முழுவதற்கும் 7,200 கிலோ! ஏறத்தாழ இரண்டு யானைகள் உங்கள் தலைக்கு மேலே நிற்கின்றன என்று பொருள்.

சுவர்களின் கணக்கைப் பாருங்கள். ஒன்பது அங்குலச் சுவர், அதாவது 23 செண்டிமீட்டர் கனம், 3 மீட்டர் உயரம். செங்கல் கட்டு வேலை ஒரு கன மீட்டர் சுமார் 1,900 கிலோ. எனவே ஒரு மீட்டர் நீளச் சுவரின் எடை 0.23 × 3 × 1,900, அதாவது ஏறத்தாழ 1,300 கிலோ. அறையைச் சுற்றி 14 மீட்டர் சுவர் இருக்கிறது. சன்னல், கதவுகளைக் கழிக்காமல் பார்த்தால் அதன் எடை 18 டன். கூரையைவிடச் சுவர்களின் எடையே இரண்டு மடங்குக்கு மேல்!

(கிலோ என்பது நிறையின் அலகு. விசையாகச் சொல்ல வேண்டுமானால் 9.8-ஆல் பெருக்கி நியூட்டனில் சொல்ல வேண்டும் என்பதை நீங்கள் அறிவீர்கள். கட்டட வேலையில் எளிமைக்காக 'இத்தனை டன் பளு' என்று சொல்வது வழக்கம். நாமும் அப்படியே சொல்வோம்.)

இந்த எடை எங்கேயும் மறைந்து போவதில்லை. தளத்திலிருந்து உத்திரத்துக்கும், உத்திரத்திலிருந்து சுவருக்கோ தூணுக்கோ, அங்கிருந்து கடைக்காலுக்கும், கடைக்காலிலிருந்து மண்ணுக்கும் அது போய்ச் சேர வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் கீழேயுள்ள உறுப்பு, மேலே உள்ளதைச் சம அளவு விசையுடன் எதிர்த்துத் தாங்க வேண்டும். நியூட்டனின் மூன்றாம் விதி இங்கே ஒவ்வொரு கணமும் வேலை செய்துகொண்டிருக்கிறது. எடை போகும் இந்த வழி எங்கும் அறுபடக் கூடாது. கட்டட அமைப்பின் முதல் விதி இதுவே.

கல்லின் பலமும் பலவீனமும்

ஒரு நீண்ட அழிப்பானை (ரப்பரை) எடுத்து, அதன் பக்கவாட்டில் நெருக்கமாகச் செங்குத்துக் கோடுகள் போடுங்கள். இரண்டு முனைகளையும் பிடித்து, நடுப்பகுதி கீழே தொங்குமாறு வளையுங்கள். மேற்புறத்தில் கோடுகள் நெருங்கும், அடிப்புறத்தில் விலகும். அதாவது மேற்புறம் அமுக்கப்படுகிறது, அடிப்புறம் இழுக்கப்படுகிறது. இரண்டு தூண்களின் மேல் கிடக்கும் எந்த உத்திரத்திலும் நடப்பது இதுதான்.

கல்லை அமுக்கினால் அது எளிதில் நொறுங்காது. ஆனால் இழுத்தால் விரைவில் விரிசல் விடும். கல் தாங்கும் இழுவிசை, அது தாங்கும் அமுக்கவிசையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். எனவே நீளமான கல் உத்திரம் தன் சொந்த எடையாலேயே அடிப்புறம் விரிசல் கண்டு முறியும். இதை நம் சிற்பிகள் அனுபவத்தால் அறிந்திருந்தனர். மகேந்திரவர்மன் காலக் குடைவரைகளில் தூண்கள் பருத்தும் நெருங்கியும் இருப்பதைப் பாருங்கள். மதுரையில் ஆயிரங்கால் மண்டபம் என்று சொல்கிறோமே, அதில் 985 தூண்கள் இருக்கின்றன. அழகுக்காக மட்டும் அத்தனை தூண்களை வைக்கவில்லை. கல் உத்திரத்தைக் குட்டையாக வைத்தால்தான் அது முறியாது என்பதும் ஒரு காரணம்.

அகலமான இடைவெளியைக் கல்லாலும் செங்கல்லாலும் கடக்க இன்னொரு வழி உண்டு. அதுதான் வளைவு. ஒரு தபால் அட்டையை இரண்டு புத்தகங்களின் மேல் பாலம் போல வைத்து, நடுவில் ஒரு நாணயம் வையுங்கள். அட்டை தொய்ந்துவிடும். அதே அட்டையை வில்லாக வளைத்து, இரண்டு கனமான புத்தகங்களுக்கு நடுவே முட்டுக்கொடுத்து நிறுத்துங்கள். இப்போது பல நாணயங்களைத் தாங்கும். வளைவில் எல்லாக் கற்களும் ஒன்றையொன்று அமுக்குகின்றன, இழுவை இல்லை. ஆனால் புத்தகங்களை விலக்கிப் பாருங்கள். அட்டை சரிந்துவிடும். வளைவு தன் பளுவைப் பக்கவாட்டிலும் தள்ளுகிறது என்பது இதனால் விளங்கும். அதனால்தான் வளைவுகள் உள்ள பழைய கட்டடங்களில் ஓரச் சுவர்கள் அவ்வளவு கனமாக இருக்கின்றன. சென்னைச் சேப்பாக்கத்தில் ராபர்ட் சிஷோம் வடிவமைத்த செனட் மாளிகைக்குப் போகும்போது இதைக் கவனியுங்கள்.

கம்பி எங்கே இருக்க வேண்டும்?

கான்கிரீட்டைத் தமிழில் கற்காரை என்பர். அதுவும் கல்லைப் போன்றதே. அமுக்கத்தில் பலம் மிக்கது, இழுவையில் பலமற்றது. இரும்புக் கம்பியோ இழுவையில் மிகப் பலம் வாய்ந்தது. இரண்டையும் சேர்த்தால் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பும். பிரான்சு நாட்டுத் தோட்டக்காரர் ஜோசப் மோனியர், பூந்தொட்டிகள் உடையாமலிருக்கக் கம்பி வலை வைத்துச் சிமெண்டுத் தொட்டி செய்தார். 1867-இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். பூந்தொட்டியில் பயன்பட்ட அந்த முறையே இன்று பல மாடிக் கட்டடங்களைத் தாங்குகிறது.

இதில் இயற்கை நமக்கு ஓர் உதவியும் செய்திருக்கிறது. வெப்பத்தால் இரும்பும் கான்கிரீட்டும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் விரிகின்றன. ஒன்று அதிகமாகவும் மற்றது குறைவாகவும் விரியுமானால், சென்னை வெயிலில் தளம் சில ஆண்டுகளிலேயே பிளந்துவிடும்.

இப்போது ஒரு கேள்வி. அறையின் தளத்தில் கம்பி மேற்புறம் இருக்க வேண்டுமா, அடிப்புறமா? அழிப்பானை நினைத்துக்கொள்ளுங்கள். நடுப்பகுதியில் அடிப்புறம்தானே இழுபடுகிறது? எனவே கம்பி அடிப்புறம் இருக்க வேண்டும். சரி, சன்னலுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் சன்ஷேடில்? அதற்கு ஒரு பக்கம்தான் பிடிமானம். அழிப்பானின் ஒரு முனையை மட்டும் பிடித்து, மறுமுனையைக் கீழே அழுத்திப் பாருங்கள். இப்போது மேற்புறக் கோடுகள் விலகுகின்றன! ஆகவே சன்ஷேடிலும் பால்கனியிலும் முக்கியக் கம்பி மேற்புறம் இருக்க வேண்டும்.

இது சிறிய செய்தி என்று எண்ணிவிடாதீர்கள். கான்கிரீட் கொட்டும்போது ஆட்கள் கம்பியின் மேல் மிதித்து நடந்தால், மேலே இருக்க வேண்டிய கம்பி கீழே அமுங்கிவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. சென்டரிங் பலகையைப் பிரிக்கும்போதோ, சில ஆண்டுகள் கழித்து அதன் மேல் ஒருவர் ஏறி நிற்கும்போதோ அது முறிந்து விழலாம். உங்கள் தெருவில் எங்கேனும் தளம் போடும்போது, கம்பிகளுக்கு அடியில் சிறு சிமெண்டுக் கட்டிகளை வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். கம்பியை அதன் சரியான இடத்தில் நிறுத்துவது அக்கட்டிகளின் வேலை.

வெயிலின் கோணம்

பல்லாவரம் வட அட்சம் 13 பாகையை ஒட்டி இருக்கிறது. சூரியனோ ஆண்டுதோறும் வடக்கே 23½ பாகை வரையிலும் தெற்கே 23½ பாகை வரையிலும் சென்று வருகிறது. ஆகவே நமக்கு ஏப்ரல் பிற்பகுதியிலும் ஆகஸ்ட் நடுப்பகுதியிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அன்று கொடிக்கம்பத்துக்கு நிழலே விழாது. ஜூன் 21-இல் நண்பகல் சூரியன் உச்சியிலிருந்து 10½ பாகை வடக்கே தள்ளி இருக்கும். டிசம்பர் 22-இல் 36½ பாகை தெற்கே சாய்ந்திருக்கும்.

இதை வைத்து ஒரு சன்ஷேடை நாமே வடிவமைக்கலாம். சன்னலின் உயரம் 120 செண்டிமீட்டர் என்க. சன்னல் முழுவதற்கும் நண்பகலில் நிழல் தர, சன்ஷேடு எவ்வளவு நீள வேண்டும்? உயரத்தை அந்தக் கோணத்தின் 'டேன்' மதிப்பால் பெருக்கினால் விடை வரும். வடக்குச் சன்னலுக்கு ஜூனில் 120 × டேன் 10½°, அதாவது 22 செண்டிமீட்டர் போதும். தெற்குச் சன்னலுக்கு டிசம்பரில் 120 × டேன் 36½°, அதாவது சுமார் 89 செண்டிமீட்டர் வேண்டும். ஆனால் டிசம்பர் வெயில் நமக்கு இதமானது, அது சிறிது உள்ளே வந்தால் குற்றமில்லை. எனவே 45 அல்லது 60 செண்டிமீட்டர் சன்ஷேடு தெற்கே போதுமானது.

மேற்குச் சன்னலின் நிலை என்ன? மார்ச் 21-இல் நண்பகலுக்கு நான்கு மணி நேரம் கழித்துச் சூரியன் அடிவானத்துக்கு மேல் 29 பாகை உயரத்தில்தான் இருக்கும். கதிர்கள் சாய்ந்து நேராக உள்ளே பாய்கின்றன. 60 செண்டிமீட்டர் சன்ஷேடு, சன்னலின் மேல்பகுதியில் 33 செண்டிமீட்டருக்குத்தான் நிழல் தரும். மீதி முழுவதும் வெயில். ஆகவே மேற்கில் சன்ஷேடை எவ்வளவு நீட்டினாலும் பயன் குறைவு. அங்கே ஒரு மரம், ஒரு தாழ்வாரம், ஒரு மூங்கில் தட்டி அல்லது குளியலறை, மாடிப்படி போன்றவை இருப்பது நல்லது. படுக்கையறையை மேற்கில் வைத்துவிட்டு இரவெல்லாம் புழுங்குவதைவிட, வரைபடம் போடும்போதே ஒரு மணி நேரம் சூரியனைப் பற்றிச் சிந்திப்பது மலிவானது.

தலைக்கு மேல் ஓர் அடுப்பு

சூரியன் உச்சியை ஒட்டிச் செல்லும் நம் ஊரில், சுவர்களைவிடக் கூரைக்கே வெயில் அதிகம். தெளிந்த வானத்தில் நண்பகலில் ஒரு சதுர மீட்டர் கிடைப்பரப்பின் மேல் ஏறத்தாழ ஒரு கிலோவாட் சூரிய ஆற்றல் விழுகிறது. நம் 12 சதுர மீட்டர் அறையின் மேல் 12 கிலோவாட். பன்னிரண்டு இஸ்திரிப் பெட்டிகளைச் சூடாக்கி மொட்டை மாடியில் வைத்தது போலாகும்!

பழைய சென்னை வீடுகளில் 'மெட்ராஸ் டெரஸ்' என்ற தளம் உண்டு. தேக்குச் சட்டங்களை நெருக்கமாக வைத்து, அவற்றின் மேல் மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் குத்துவாட்டமாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கட்டையால் நன்றாக அடித்து இறுக்கி, மேலே தட்டோடு பதிப்பார்கள். கனமான இத்தளம் மெதுவாகச் சூடேறி, மெதுவாகத்தான் வெப்பத்தைக் கீழே விடும். கான்கிரீட்டோ செங்கல்லைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். இன்றைய தளங்கள் மெலிந்தும் இருக்கின்றன. ஆகவே மேலே செங்கல் ஜல்லிப் பூச்சையும் தட்டோட்டையும் செலவு என்று விட்டுவிட்டால், மாலை ஆறு மணிக்கும் மேல்தளத்தின் அடிப்புறம் கை வைக்க முடியாத அளவு சுடும். சுண்ணாம்பு வெள்ளை அடிப்பது எளிய வழி. வெண்மையான பரப்பு வெயிலின் பெரும் பகுதியை வானுக்கே திருப்பி அனுப்பிவிடும்.

காற்றுக்கு இரண்டு வாசல்

ஒரு வெறும் சீசாவைப் படுக்க வைத்து, அதன் வாயில் ஒரு சிறு காகித உருண்டையை வையுங்கள். உருண்டையை ஊதி உள்ளே தள்ளப் பாருங்கள். உள்ளே போவதற்குப் பதில் அது உங்கள் முகத்தை நோக்கியே வரும்! சீசாவுக்குள் இருக்கும் காற்று வெளியேற வழியில்லாததால், புதிய காற்று உள்ளே போக முடியவில்லை.

ஒரே ஒரு சன்னல் உள்ள அறையும் இந்தச் சீசாவைப் போன்றதே. சன்னல் எவ்வளவு பெரியதானாலும் எதிர்ச் சுவரில் காற்று வெளியேற ஒரு வழி இல்லாவிட்டால் காற்றோட்டம் இராது. கோடையில் பிற்பகலில் நமக்குக் கடற்காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வருகிறது. அந்தப் பக்கம் நுழைவாயிலும் எதிர்ப்பக்கம் வெளிவாயிலும் இருக்குமாறு சன்னல்களை வைக்க வேண்டும். சூடான காற்று மேலே எழும் என்பதால், கூரையை ஒட்டி வெண்டிலேட்டர் இருந்தால் வெப்பக்காற்று தானே வெளியேறும். நம் பழைய வீடுகளின் நடுவே இருந்த முற்றம் இவ்வேலையைத்தான் செய்தது. வெளிச்சத்தையும் அதுவே தந்தது. இன்றைய சிறிய மனைகளில் முற்றத்துக்கு இடமில்லாமல் போனாலும், மாடிப்படி ஏறும் இடத்தின் உச்சியில் திறப்பு வைத்து அதே பயனைப் பெறலாம்.

மண்ணும் மழையும்

நம் அறைக்குத் திரும்புவோம். சுவரின் எடையையும் அது தாங்கும் கூரையின் எடையையும் சேர்த்தால், ஒரு மீட்டர் நீளச் சுவர் தரையின் மேல் ஏறத்தாழ 1,800 கிலோ பளுவை வைக்கிறது. சுவரை அப்படியே 23 செண்டிமீட்டர் அகலத்தில் மண்ணின் மேல் நிறுத்தினால், சதுர மீட்டருக்குச் சுமார் 7,800 கிலோ அழுத்தம். கடைக்காலை 75 செண்டிமீட்டர் அகலமாக்கினால் அழுத்தம் 2,400 கிலோவாகக் குறைந்துவிடும். அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்த ஈவு. ஆணியின் கூர்முனை மரத்தில் இறங்குவதும், ஒட்டகத்தின் அகன்ற பாதம் மணலில் புதையாததும் இதனால்தான். கடைக்கால் என்பது வீட்டுக்கு ஒட்டகப் பாதம்.

ஆனால் எல்லா மண்ணும் ஒன்றல்ல. பல்லாவரத்திலேயே குன்றின் அடிவாரத்தில் சில அடி தோண்டினால் பாறை வந்துவிடும். ஏரிகளை ஒட்டிய தாழ்ந்த நிலத்திலோ களிமண். களிமண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கி வெடிக்கும். அதன் மேல் ஆழமில்லாத கடைக்கால் போட்டால், வீட்டின் ஒரு பகுதி எழும்பி மறுபகுதி இறங்கி, சுவரில் சாய்வான விரிசல் தோன்றும். அதனால்தான் வீடு கட்டுமுன் மண் பரிசோதனை செய்ய வேண்டும் என்கிறோம்.

நிலத்தின் மேடு பள்ளத்தையும் பார்க்க வேண்டும். பல்லாவரம் பெரிய ஏரியின் குறுக்கே துரைப்பாக்கத்துக்குச் சாலை போகிறது. ஏரி சுருங்கலாம், ஆனால் தண்ணீர் தன் பழைய பள்ளத்தை மறப்பதில்லை. 2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செண்டிமீட்டர் மழை பதிவாயிற்று. நூறு சதுர மீட்டர் கூரையின் மேல் விழுந்த நீர் மட்டும் 100 × 0.49 = 49 கன மீட்டர், அதாவது 49,000 லிட்டர்! ஒவ்வொரு கூரையிலிருந்தும் இவ்வளவு நீர் தெருவுக்கு வந்தால் தெரு ஆறாகத்தான் ஓடும். அதே நீரின் ஒரு பகுதியையாவது குழாய் வழியே மணலும் ஜல்லியும் நிரப்பிய குழியில் இறக்கினால், கோடையில் கிணற்றில் ஊறும். தமிழ்நாட்டில் 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது இதற்காகவே.

மௌலிவாக்கம் சொல்லும் பாடம்

பல்லாவரத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், போரூரை அடுத்துள்ளது மௌலிவாக்கம். அங்கே 2014 ஜூன் 28 மாலை, கட்டி முடிக்கும் நிலையிலிருந்த 11 மாடிக் குடியிருப்புக் கட்டடம் ஒன்று இடிந்து தரைமட்டமாயிற்று. 61 பேர் மாண்டனர். பெரும்பாலோர் பிழைப்புக்காக வந்த கட்டடத் தொழிலாளர்கள். அன்று மழை பெய்தது உண்மை. ஆனால் சரியாகக் கட்டிய கட்டடம் மழைக்கு விழுவதில்லை. கட்டமைப்பு வடிவமைப்பிலேயே குறைகள் இருந்தன என்று விசாரணையில் தெரியவந்தது. அதன் அருகில் நின்ற இணைக் கட்டடமும் பாதுகாப்பற்றது என்று கருதப்பட்டு, 2016 நவம்பர் 2-இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.

எடை போகும் வழியை இங்கே மீண்டும் எண்ணிப் பாருங்கள். ஒரு தூண் ஒவ்வொரு மாடியிலும் 12 சதுர மீட்டர் தளத்தைத் தாங்குகிறது என்போம். சுவர், தரை, மனிதர், தட்டுமுட்டுப் பொருள்கள் எல்லாம் சேர்த்துச் சதுர மீட்டருக்கு ஒரு டன் என்றால், மாடிக்கு 12 டன். மேல்மாடித் தூண் 12 டன்னைத் தாங்கினால் போதும். அதற்கு அடுத்தது 24 டன், அதற்கும் கீழே 36 டன். இப்படியே 11 தளங்களின் அடியில் உள்ள தூணின் தலையில் 132 டன் வந்து நிற்கும். கீழ்த்தூண் ஒன்று தளர்ந்தால், அதன் பங்கு அண்டைத் தூண்களின் மேல் ஏறும். அவையும் தாங்க முடியாமல் போனால், சில நொடிகளில் எல்லாம் முடிந்துவிடும்.

இதைத் தடுக்கத்தான் பொறியாளர்கள் 'பாதுகாப்புக் காரணி' என்ற ஒன்றை வைக்கிறார்கள். வரக்கூடிய பளுவை ஒன்றரை மடங்காகக் கணக்கிட்டு, பொருளின் பலத்தையோ குறைத்துக் கணக்கிட்டு வடிவமைக்க வேண்டும் என்று இந்தியத் தர விதிகள் கூறுகின்றன. அந்த மிச்சப் பலம் யாருக்கும் சொந்தமானதல்ல. 'இவ்வளவு நாள் நிற்கிறதே, இன்னும் ஒரு மாடி போடலாம்' என்று சொல்பவர், ஒரு மாடிக்கென்று போட்ட கடைக்காலின் அந்த மிச்சத்தைத்தான் எடுத்துச் செலவு செய்கிறார். நம் புறநகர்களில் இப்படி மாடி ஏற்றுவது அன்றாடக் காட்சி. உங்கள் வீட்டிலும் அந்தப் பேச்சு எழுந்தால், கடைக்காலும் தூணும் எத்தனை மாடிக்குக் கணக்கிடப்பட்டவை என்ற கேள்வியை நீங்கள் கேளுங்கள். கேட்பதற்கு வயது தடையில்லை.

யார் யாருடைய வேலை?

கட்டடக் கலைஞர் (ஆர்க்கிடெக்ட்) மனிதர்களின் தேவை, வெயில், காற்று, அழகு எல்லாவற்றையும் எண்ணிக் கட்டடத்தின் வடிவத்தை அமைக்கிறார். கட்டமைப்புப் பொறியாளர் உத்திரம், தூண், கம்பி ஆகியவற்றின் அளவுகளைக் கணக்கிடுகிறார். மண் ஆய்வாளர் நிலத்தின் தாங்கும் திறனைச் சொல்கிறார். கொத்தனாரும் கம்பி கட்டுபவரும் சித்தாளும் காகிதத்தில் இருப்பதைக் கட்டடமாக்குகிறார்கள். ரசமட்டத்தில் குமிழி நடுவில் நிற்கும் வரை, தூக்குக்குண்டின் நூல் சுவரை ஒட்டி ஓடும் வரை விடாமல் பார்க்கும் கொத்தனார் நல்லதோர் இயற்பியல் பரிசோதனையாளரே. ஈர்ப்பு விசையின் திசையைத்தானே அவர் அளக்கிறார்!

இக்கலையைக் கல்லூரியில் படிக்க ஐந்தாண்டுப் பட்டப்படிப்பு உண்டு. கணிதமும் இயற்பியலும் தெரிந்திருக்க வேண்டும், கையால் வரையவும் பழக வேண்டும். 1972-ஆம் ஆண்டுக் கட்டடக் கலைஞர் சட்டப்படி பதிவு செய்தவர்களே தம்மை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ளலாம்.

செய்து பாருங்கள்

1. உங்கள் வகுப்பறையை அளந்து, 2 செண்டிமீட்டருக்கு 1 மீட்டர் என்ற அளவில் தரைப்படம் வரையுங்கள். வடக்குத் திசையை அம்புக்குறியால் காட்டுங்கள். கதவு, சன்னல்களைக் குறியுங்கள். காற்று எங்கே நுழைந்து எங்கே வெளியேறும் என்று கோடிட்டுக் காட்டுங்கள்.

2. பிளாஸ்டிக் அளவுகோலைத் தட்டையாக இரண்டு புத்தகங்களின் மேல் வைத்து, நடுவில் விரலால் அழுத்துங்கள். பிறகு அதைக் குத்துவாட்டமாக நிறுத்தி அழுத்துங்கள். எப்போது குறைவாக வளைகிறது? உத்திரங்களின் அகலத்தைவிட ஆழம் ஏன் அதிகம் என்பதை இதிலிருந்து கூறுங்கள்.

3. உங்கள் வீட்டு மேற்குச் சன்னல் வழியே வெயில் எத்தனை மணிக்கு உள்ளே நுழைகிறது என்று மாதம் ஒருமுறை குறித்து வையுங்கள். ஓராண்டுக்குப் பின் அந்தக் குறிப்பே உங்கள் வீட்டுக்கான சூரிய நாட்காட்டியாகும்.

4. உங்கள் வீட்டுக் கூரையின் பரப்பை அளந்து, 10 செண்டிமீட்டர் மழை பெய்தால் எத்தனை லிட்டர் நீர் கிடைக்கும் என்று கணக்கிடுங்கள். இப்போது அந்த நீர் எங்கே போகிறது என்று கண்டுபிடியுங்கள்.

இவற்றைச் செய்து முடித்தபின் உங்கள் தெருவில் ஒரு முறை நடந்து, ஒவ்வொரு வீட்டின் முன்னும் நின்று அந்த நான்கு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். எந்த வீடு எந்தக் கேள்விக்குச் சரியாக விடை சொல்லியிருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும்.